ஏழாம் நம்பர் யானை

என் தங்கச்சி விஞ்ஞானி. இதை நான் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் என் முகத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம், "கூடப் பொறந்த தங்கச்சியா?" என்று கேட்பார். அவர் மேல் தப்பில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலை இரண்டு தடவை எழுதிக் கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை தேறியவன் நான். பேப்பர் திருத்தியவர் வீட்டில் அன்றைக்கு நல்ல சாப்பாடாக இருந்திருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பத்தொன்பது வயதில் பொம்மைப் பலகை தூக்கப் போனேன். இன்னும் தூக்குகிறேன். நடுவில் சூப்பர்வைசர் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதற்காகப் பலகை ஒன்றும் லேசாகிவிடவில்லை. தங்கச்சி ஹைதராபாத்தில், பெரிய சூட்டைத் தாங்குகிற பீங்கான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே தொழில்தான், அவள் உட்கார்ந்து செய்கிறாள், நான் நின்றுகொண்டு செய்கிறேன் என்று டீக்கடையில் சொல்வேன். அவள் இதுவரை மறுக்கவில்லை.

போன மாசம் அவள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, தன்னை விஞ்ஞானியாக்கியது எது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஊரில் ஆளாளுக்கு உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள். டியூஷன் எடுத்தவர், அவள் மூளைக்கு அஸ்திவாரம் போட்டதே தான்தான் என்றார். அவள் காலேஜ் போன பஸ்ஸில் இருந்த கண்டக்டர், படிக்கிற பிள்ளை என்று ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடுத்ததைச் சொன்னார். அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை: வாரத்துக்கு மூன்று நாள் வெண்டைக்காய் செய்து போட்டதுதான் காரணம். அதே வெண்டைக்காயைத்தானே எனக்கும் போட்டாய் என்று கேட்டேன். "நீ தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்ச" என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவள் விஞ்ஞானி ஆனதற்கு முழுக் காரணம் நான்தான் என்று தொழிற்பேட்டையில் இருக்கும் அத்தனை கம்பெனியிலும் சொல்லிவைத்தேன். யாரும் நம்பவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் உண்மை பேசினேன் என்பது யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை அவள் போன் பண்ணினாள். "ண்ணா, எனக்கு ஒரு பச்சை யானை வேணும். அந்தச் சின்ன அச்சு யானை. பசங்க கிட்ட ஏழாம் நம்பர் யானையப் பத்திதான் பேசப் போறேன்" என்றாள்.

சரி பாப்பா என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு டீக்கடைப் பக்கமே போகவில்லை.

சுடாத பொம்மைக்குப் பச்சை என்று பேர். அச்சில் மண்கூழை ஊற்றி எடுத்து, காயவைத்து, சூளைக்கு அனுப்பக் காத்திருக்கும் பொம்மை அது. பார்க்க முழு யானை மாதிரி இருக்கும். விரலால் ஒரு தட்டு தட்டினால் தும்பிக்கை தனியாகக் கையில் வந்துவிடும். அதைச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்தால் கெட்டியாகும், கூடவே சின்னதாகும். போகும்போது பெரிய யானை, வரும்போது அதன் தம்பி. அம்மா அதே கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலையில் இருந்ததால், தங்கச்சி நடக்கப் பழகியதே அந்தப் பலகைகளுக்கு நடுவில்தான். நெருப்புக்குள் போனது எதுவும் பழைய அளவில் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

எட்டாங்கிளாஸ் காலாண்டுப் பரீட்சையில் ஒரு கோடிட்ட இடம் வந்தது. வெப்பப்படுத்தினால் பொருள்கள் என்ன ஆகும்? என் தங்கச்சி அழகான கையெழுத்தில் 'சுருங்கும்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டு வந்தாள்.

திட்டக்குடியிலோ கம்மாபுரத்திலோ இருக்கிற பிள்ளை இந்தத் தப்பைச் செய்யாது. புத்தகத்தில் இருப்பதை மனப்பாடம் பண்ணி விரிவடையும் என்று எழுதிவிட்டுப் போகும். சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்தால்தான் இவ்வளவு நிச்சயமாக ஒரு தப்பை எழுதி, அடிக்கோடும் போட முடியும். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. யானை ஏன் சின்னதாகிறது என்று அவள் ஒருமுறை என்னைக் கேட்டிருந்தாள். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. "நெருப்புக்கு முன்னாடி யாரா இருந்தாலும் சுருங்கித்தான் ஆவணும் பாப்பா. யானையே சுருங்குது பாரு" என்று சொல்லிவைத்தேன். சொன்ன எனக்கே அது பிடித்துப்போய், அந்த வாரம் முழுக்க நாலு பேரிடம் சொன்னேன்.

டீச்சர் விடையை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அவளுக்குச் 'சுருக்குப்பை' என்று பேர் வைத்தாகிவிட்டது. பெண் பிள்ளைகள் வைக்கிற பேர் லேசில் போகாது. அது பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வந்தது.

சாயந்தரம் வந்தவள் அழவில்லை. நீ சொன்னது தப்பா என்று மட்டும் கேட்டாள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என் கௌரவத்தைக் காப்பாற்ற, புத்தகத்தில்தான் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றேன். உடனே அவள், அப்படியானால் டீச்சருக்குக் காட்டுவோம் என்றாள். மறுநாள் காலையில் ஒரு பச்சை யானையும் அதே அச்சில் வந்த சுட்ட யானையும் எடுத்துத் துணியில் சுற்றி, சைக்கிளில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ரயில்வே கேட்டை இறக்கப் போகிறார்கள் என்று நான் வேகமாக மிதித்தேன். தண்டவாளத்தின் மேல் சைக்கிள் ஏறி இறங்கியதில் பச்சை யானை மூன்று துண்டானது.

துண்டுகளோடுதான் வகுப்புக்குப் போனாள். அவற்றை ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு, இதுதான் இப்படிச் சின்னதாகிறது என்று காட்டியிருக்கிறாள். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே, பெரிதாக எதுவும் நினைக்காமல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "உள்ள போன யானதான் வெளிய வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. அன்று மாலை அம்மா மூலம் முதலாளியிடம் சொல்லிப் பத்துப் பச்சை யானை வாங்கினாள். ஒவ்வொன்றின் காலுக்கு அடியிலும் ஊசியால் ஒன்று முதல் பத்து வரை நம்பர் கீறினாள். சுவரோரம் யானையை நிற்கவைத்து, தலைமேல் ஒரு போஸ்ட் கார்டை மட்டமாகப் பிடித்து, மர ஸ்கேலால் உயரம் அளந்தாள். ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டாள்: நம்பர், போகும்போது, வரும்போது, குறிப்பு. எல்லா யானையும் பத்து செண்டிமீட்டர். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சூளையில் பலகை அடுக்குகிறவன் நான்தானே.

"இந்தத் தடவ உடைக்க மாட்டியே?"

ஒன்றுக்கும் ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்தேன். தலையில் அடித்துக்கூடச் சத்தியம் செய்தேன். என் தலைதான், அதனால் பெரிய ரிஸ்க் இல்லை.

மறுநாள் அடுக்கும்போது என் முழங்கை பட்டு ஏழாம் நம்பர் யானை விழுந்தது. தும்பிக்கையும் ஒரு காலும் போய்விட்டன. சூளைக் கதவை மூட இன்னும் அரை மணி நேரம்தான். சின்ன யானை வேறு எதுவும் காய்ந்து தயாராக இல்லை. ஆனால் அதே உருவத்தில் ஒரு அளவு பெரிய நடு யானை, பக்கத்துப் பலகையில் வரிசையாக நின்றது. ஒரு விரல் கனம்தான் உயரம் அதிகம். அதில் ஒன்றை எடுத்து, அடியில் ஆணியால் 7 என்று கீறி, பத்தோடு பத்தாக வைத்துவிட்டேன். உடைந்ததைக் கூழ்த்தொட்டியில் போட்டேன். அது கரைந்து வேறு பொம்மை ஆகிவிட்டது. என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு யானையாவது விரிவடைந்தால் புத்தகத்துக்கும் கொஞ்சம் மரியாதை கொடுத்த மாதிரி இருக்கும் என்றுகூட நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு அது ஜோக்காகத்தான் தெரிந்தது.

சூளை திறக்கிற காலையில், ஸ்கூல் யூனிபார்மோடு நோட்டை நெஞ்சில் அணைத்தபடி வந்து நின்றாள். கதவின் இரும்புத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு வரவில்லை. சூட்டில் இரும்பு உப்பியிருக்கிறது, ஆறினால் தானாக வரும் என்று, தினமும் சொல்கிற பேச்சை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப புக்குல போட்டதும் சரியா?"

மாட்டிக்கொண்டேன். இரும்புக்குப் புத்தகம் சரி, யானைக்கு நான் சரி என்று மழுப்பினேன். கோபம் வரும் என்று நினைத்தேன். அவளோ தாழ்ப்பாளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி தாழ்ப்பாளைப் பார்த்தாள். ஒரே சூட்டில் ஒன்று பெருக்கிறது, ஒன்று சுருங்குகிறது. அந்த முகத்தைப் பிற்பாடு அவளிடம் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். பசியில் இருப்பவள் முன்னால் யாரோ இலை போட்ட மாதிரி இருக்கும்.

ஒன்பது யானை ஒன்பது செண்டிமீட்டர் ஆகியிருந்தது. ஏழாம் நம்பர் மட்டும் பத்தரை. சுருங்க வேண்டியது வளர்ந்திருந்தது. ஏழு ஏன் வளர்ந்தது என்று கேட்டாள். உள்ளே எதையாவது தின்றிருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தண்டவாளத்தில் ஒன்றை உடைத்தவன், சத்தியம் செய்துவிட்டு இன்னொன்றையும் உடைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அவள் வேறு பத்துப் பச்சை யானை வாங்கி, நம்பர் கீறி, மறுபடி போட்டாள். பத்தும் ஒழுங்காகச் சுருங்கின. அதற்கு அடுத்த மாதமும் போட்டாள். எதுவும் வளரவில்லை. நோட்டை டீச்சரிடம் கொண்டு போய்க் காட்டு, பேர் வைத்தவர்கள் வாயை மூடுவார்கள் என்று அம்மா சொன்னாள். "ஒண்ணு இடிக்குதும்மா. அது என்னன்னு தெரியாம காட்ட மாட்டேன்" என்றாள். கடைசி வரை காட்டவில்லை. சுருக்குப்பை என்ற பேரும் போகவில்லை. அந்தப் பேரை வைத்தது வகுப்பு. அதைப் போகவிடாமல் பிடித்துவைத்தது நான்.

நாளாக ஆக, சொல்ல வேண்டியது கெட்டியாகிக்கொண்டே போனது. காலேஜ் போனாள், மேலே படித்தாள், பட்டம் வாங்கினாள். நான் ஒவ்வொரு முறையும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். பச்சையில் உடைத்திருந்தால் ஒரு தட்டில் உடைந்திருக்கும். நான் சுட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜங்ஷனில் போய் அவளைக் கூட்டிவந்தேன். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். ஏழாம் நம்பர் யானை. இத்தனை வருஷமாக அவள் மேஜை மேல்தான் இருக்கிறதாம். கூடவே அந்தப் பழைய நோட்டு, அட்டை கிழிந்து, ஓரம் மஞ்சளடித்து. அம்மா முறத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சி தரையில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன பேசப் போகிறாள் என்று சொல்லிப் பார்த்தாள்.

யானை வளர்ந்த அதிசயத்தைப் பேசுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு அதிசயம் கூடுதலாக இருப்பதால் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்? அவள் சொல்ல வந்தது வேறு. அந்த மண் வளர வழியே இல்லை என்று காலேஜ் இரண்டாம் வருஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் தப்பு எங்கே என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள்.

"அது உள்ள போறப்பவே பெருசா இருந்திருக்கும், நான்தான் தப்பா அளந்திருக்கேன். கார்டு சாஞ்சிருக்கும், இல்ல அவசரத்துல எழுதியிருப்பேன். அன்னிலேர்ந்து எதையும் மூணு தடவ அளக்காம எழுதறதில்ல. பசங்க கிட்ட அதத்தான் சொல்லப் போறேன். என்னோட முதல் தப்புதான் என்னை இங்க கொண்டாந்துச்சுன்னு."

எனக்கு அந்த மூன்று தடவை தெரியும். வீட்டுக்கு வந்தால் காஸ் அணைத்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். அம்மாவின் மாத்திரையை மூன்று தடவை எண்ணுவாள். சயிண்டிஸ்ட் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். தன் கையையே நம்பாத பழக்கம் அது என்றும், அதை அவளுக்குக் கொடுத்தவன் நான் என்றும் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நாளைக்கு இருநூறு பிள்ளைகளுக்கு முன்னால் அவள் செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளப் போகிறாள்.

முதலில் ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அம்மாகூட நிமிர்ந்து பார்த்தாள்.

"பாப்பா, அது வேற யானை" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, தும்பிக்கை, நடு யானை, ஆணி, கூழ்த்தொட்டி. அம்மாவின் கத்தி நின்றுபோனது. தங்கச்சி ஏழாம் நம்பரைத் திருப்பி அடியைப் பார்த்தாள். மற்ற நம்பரெல்லாம் ஊசியில் மெல்லிசாக இருக்க, இது மட்டும் தடிமனாக இருக்கும்.

"தடிச்சிருக்குதுன்னு அப்பவே பாத்தேன்" என்றாள். "ஆனா உன்னை சந்தேகப்படணும்னு தோணவே இல்லண்ணா."

திட்டியிருக்கலாம். ஒரு அறை கொடுத்திருக்கலாம், உரிமை உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அம்மாதான் என்னைத் திட்டினாள், எருமை என்பதில் ஆரம்பித்துக் குலம் கோத்திரம் வரை போனாள். அவளைக் கட்டிக்கொண்டவர் குலமும் அதுதான் என்று நினைவுபடுத்த அது நேரமில்லை.

அம்மா ஓய்ந்ததும் தங்கச்சி, நடு யானை அச்சு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அச்சு தேயும், மாற்றிக்கொண்டே இருப்போம், ஆனால் அச்சு எடுக்கிற மூல யானை அதேதான் என்றேன். எழுந்து செருப்பைப் போட்டாள்.

கம்பெனியில் வேலை முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பலகையில் பச்சை நடு யானைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஒன்றை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். என் முழங்கையை நானே பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து, நோட்டுக்குள் இருந்த அதே பழைய போஸ்ட் கார்டை யானைத் தலையில் மட்டமாக வைத்து, ஸ்கேலைப் பார்த்தாள்.

"பதினொண்ணு புள்ளி ஏழு. மண்ணு அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்காது. ஆனாலும் பத்துல ஒரு பங்கு போனா எவ்வளவு?"

என்னைத்தான் கேட்டாள். விரலை மடக்கினேன், விரித்தேன். அவளே சொன்னாள்.

"பத்தரை. அதுவும் ஒழுங்காத்தாண்ணா சுருங்கியிருக்குது." நோட்டில் ஏழாம் நம்பருக்கு நேராக விரலை வைத்தாள். "நான் சரியாத்தான் அளந்திருக்கேன்."

எட்டாங்கிளாஸ் பிள்ளை ஒன்று அவள் முகத்தில் வந்து நின்று, இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு மார்க்கை வாங்கிக்கொண்டு போனது. நான் கூரையைப் பார்த்தேன். பீங்கான் கம்பெனியில் ஒரு வசதி, எல்லார் கண்ணிலும் எப்போதும் தூசி இருக்கும்.

யானையை எடுத்துப் பலகையில் வைக்கப் போனவன், பழக்கத்தில் நின்றேன். இன்னும் இரண்டு தடவை அளப்பாளே. அவள் ஸ்கேலைப் பையில் போட்டு மூடிவிட்டாள். ஒரே தடவைதான் அளந்தாள்.

பிறகு நோட்டைத் திறந்து, ஏழாம் நம்பருக்கு நேராக இத்தனை வருஷமாகக் காலியாக இருந்த குறிப்புக் கட்டத்தில் எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'பிழை: அண்ணன்' என்று இருந்தது. நாளைக்கு இதையும் சேர்த்துத்தான் பேசுவேன், முன்வரிசையில் வந்து உட்கார் என்றாள். அவள் எப்படி விஞ்ஞானி ஆனாள் என்ற கதையில் எனக்கு இடம் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மடியில் துணி விரித்து, அதில் ஒரு சின்னப் பச்சை யானை. ரயில்வே கேட் வந்ததும் நான் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்கி, அவளை உட்காரவைத்தே வண்டியைத் தண்டவாளத்தின் மேல் மெதுவாகத் தள்ளினேன். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர், பெட்ரோல் இல்லையா என்று அக்கறையாக விசாரித்தார்.

தங்கச்சி என் தோளைத் தட்டினாள்.

"ஏறி ஓட்டுண்ணா. உடைஞ்சா உடைஞ்சிடுச்சுன்னு சொல்லு, போதும்."